பொதுமேடையில் இறையியல்: கிஃபோர்டு சொற்பொழிவுகள்

பல்கலைக்கழகம் தன்னிடம் பெயர் பதிவு செய்துகொண்ட மாணவருக்கு மட்டுமே உரியதா, அன்றி அதைச் சூழ்ந்து வாழும் நகரமக்கள் அனைவருக்கும் அதன் கதவு திறந்திருத்தல் வேண்டுமா என்னும் வினா பழையது. ஸ்காட்லாந்து நாட்டில் இவ்வினாவுக்கு நிலையானதொரு விடையை அளித்தவர் பேராசிரியரும் அல்லர், குருவும் அல்லர். அவர் ஒரு நீதிபதி. ஆதாம் கிஃபோர்டு என்பது அவர் பெயர். எடின்பரோவில் 1820ஆம் ஆண்டு பிறந்த இவர், வழக்கறிஞர் தொழிலில் பெரும்பொருள் ஈட்டி, 1870இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1872 முதல் பக்கவாத நோய் அவரை வாட்டியது. 1881இல் பதவியை விட்டு விலகினார்; 1887 ஜனவரியில் மறைந்தார். ஸ்பினோசாவையும் எமர்சனையும் விரும்பிக் கற்ற இவர், ஓய்வு நேரங்களில் ஊர்ச்சங்கங்களில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு ஆற்றியவர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். மேடை என்பது என்ன, அதில் பேசுபவனுக்கும் கேட்பவனுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1885இல் அவர் எழுதிய மரணசாசனத்தின்படி 80,000 பவுன் நான்கு பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எடின்பரோவுக்கு 25,000, கிளாஸ்கோவுக்கும் அபர்தீனுக்கும் தலைக்கு 20,000, செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 15,000. முதல் கைபடாமல் இருக்க, அதன் வருவாயைக் கொண்டு இயற்கை இறையியலைக் குறித்த சொற்பொழிவுகள் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு.

தொகையைக் காட்டிலும் அவர் விதித்த நிபந்தனைகளே நம் கவனத்துக்குரியவை. பேச வருபவரிடம் எவ்வித விசுவாசச் சோதனையும் நடத்தலாகாது. எந்தப் பிரமாணமும் கேட்கலாகாது. அவர் எச்சபைப் பிரிவினராகவும் இருக்கலாம், எச்சபையையும் சாராதவராகவும் இருக்கலாம். ஐயவாதியாக இருப்பினும் தடையில்லை. ஆற்றலும் பயபக்தியும் உண்மையை நாடும் நெஞ்சமும் உடையவராய் இருந்தால் போதும். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் திருச்சபைக்கு உடன்பட்டவர் என உறுதியளிக்கும் முறை, இறையியல் அல்லாத துறைகளில் 1853இல்தான் நீக்கப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தால், இந்நிபந்தனையின் துணிவு விளங்கும்.

கேட்போரைப் பற்றிய விதியும் இதற்குக் குறைந்ததன்று. சொற்பொழிவுகள் மாணவருக்கு மட்டுமல்லாமல், பெயர் பதியாத ஊர்மக்கள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். அவர்களுக்கு விளங்கும் வகையில் அமைய வேண்டும். கட்டணம் வாங்கினும் அது மிகச் சிறியதாய் இருக்க வேண்டும். கடவுளைப் பற்றிய அறிவு மெய்யானதாயின், அது மனித நல்வாழ்வின் வேராகும். எனவே கல்லூரிப் படிப்பு இல்லாதவரும் அதைப் பெறுதல் வேண்டும் என்பது கிஃபோர்டின் வாதம்.

மூன்றாவது நிபந்தனையே முள்ளாய் அமைந்தது. வானநூலையோ வேதியியலையோ கற்பிப்பது போலவே இறையியலையும் இங்கு எடுத்துரைக்க வேண்டும். தனிச்சிறப்பான தெய்வ வெளிப்பாட்டையோ அற்புதத்தையோ ஆதாரமாகக் கொள்ளலாகாது என்றார் அவர். அதாவது, பேசுபவர் தம் கருத்துக்குத் திருமறை வசனத்தைச் சான்றாகக் காட்டி விவாதத்தை முடித்துவிட முடியாது. பிரசங்கபீடத்தில் நிற்பவருக்கு இருக்கும் அதிகாரம் இம்மேடையில் நிற்பவருக்கு இல்லை.

1888இல் தொடங்கிய இச்சொற்பொழிவுகளுக்கு முதன்முதல் தெரிந்தெடுக்கப்பட்ட நால்வரில் ஒருவர்கூடக் குருவானவர் அல்லர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று தத்துவத்துக்குத் திரும்பிய ஸ்டெர்லிங், அபர்தீனில் மானிடவியலறிஞர் டைலர், செயின்ட் ஆண்ட்ரூஸில் நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ லாங், கிளாஸ்கோவில் ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர். நம் நாட்டு வேதங்களும் உபநிடதங்களும் கிளாஸ்கோ நகரமக்களின் செவிக்கு எட்டியது இவர் வாயிலாகவே. எதிர்ப்பு எழாமல் இல்லை. 1891இல் அந்நகரின் மூப்பர் சங்கத்தில், முல்லரின் போதனை கிறிஸ்தவ விசுவாசத்தைக் கவிழ்ப்பது என்று முறையீடு செய்யப்பட்டது. எனினும் அவர் 1892இல் நான்காவது தொடரையும் ஆற்றி முடித்தார். சோதனை கூடாது என்ற விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

திறந்த கதவினால் மட்டும் கூட்டம் சேர்ந்துவிடாது. சேர்ந்த கூட்டம் தங்கிவிடவும் மாட்டாது. 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் இருபது சொற்பொழிவுகள் ஆற்றிய அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ், சமயக் கோட்பாடுகளை விடுத்து, தனிமனிதரின் அனுபவ சாட்சிகளை எடுத்துக்கொண்டார். பன்யன், டால்ஸ்டாய் முதலிய பெரியோருடன், பெயரறியாத எளியோரின் மனமாற்றக் கதைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். 1902இல் நூலாக வெளிவந்த அவ்வுரைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. அதே எடின்பரோவில் 1927இல் வானநூலறிஞர் எடிங்டன் புதிய இயற்பியலை விளக்கியபோது மக்கள் திரளாக வந்தனர். அவரையடுத்து 1928இல் வைட்ஹெட் பேசினார். முதல் நாள் நிறைந்திருந்த மண்டபத்தில் பின்பு விரல்விட்டு எண்ணத்தக்கவரே எஞ்சினர் என்பர். ஆனால் அவ்வுரைகளினின்று 1929இல் உருவான நூல், செயல்முறை இறையியல் என்னும் ஒரு முழு மரபுக்கே ஊற்றாயிற்று. கூட்டத்தின் அளவைக் கொண்டு உரையின் மதிப்பைக் கணிக்கும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. அதற்கு வைட்ஹெட் ஒரு மறுப்பு. எனினும் ஊர்மக்களுக்கு விளங்க வேண்டும் என்ற கிஃபோர்டின் விதியை அவர் நிறைவேற்றினார் என்று யாரும் சொல்ல இயலாது.

இவ்வரலாற்றில் இறையியல் மாணவர் நின்று நோக்க வேண்டிய இடம் அபர்தீன், 1937. இயற்கை இறையியலுக்கென நிறுவப்பட்ட மேடைக்கு, அதன் கடும்பகைவரான கார்ல் பார்த் அழைக்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1934இல், எமில் புருன்னரின் மிதமான இயற்கை இறையியலுக்கே "இல்லை!" என்ற தலைப்பில் விடையெழுதியவர் அவர். ஹிட்லருக்கு நிபந்தனையற்ற பிரமாணம் செய்ய மறுத்ததனால் 1935இல் பான் பல்கலைக்கழகத்தில் பதவி இழந்து, தம் பிறந்த ஊராகிய பாசலுக்கு வந்திருந்தார். பிரமாணம் எதுவும் கேட்கலாகாது என்று எழுதி வைத்த ஒருவரின் அறக்கொடை, பிரமாணத்தினால் இருக்கையிழந்த ஒருவருக்கு மேடையளித்தது.

பார்த் தம் நிலையை மறைக்கவில்லை. இயற்கை இறையியல் அனைத்துக்கும் தாம் எதிரி என்பதையும், அத்தகைய அறிவு உண்டென்றே தாம் ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் இயற்கை இறையியல் உயிரோட்டத்துடன் விளங்க வேண்டுமாயின், தன்னை முற்றிலும் மறுக்கும் குரலைக் கேட்டாக வேண்டும். அக்குரலை ஒலிக்கச் செய்வதே கிஃபோர்டுக்குத் தாம் செய்யத்தக்க தொண்டு என்று வாதித்தார். பின்பு 1560ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து விசுவாச அறிக்கையை எடுத்து, முதல் பத்து உரைகளில் கடவுளை அறிதலையும், 1938இன் பத்து உரைகளில் கடவுளுக்குச் செய்யும் ஊழியத்தையும் விரித்துரைத்தார். கொடுங்கோன்மையை அடக்குவதும் நற்செயலே என அவ்வறிக்கை கூறும் பகுதியை அவர் விளக்கியபோது, அதன் பொருள் ஜெர்மனியை நோக்கிப் பாய்ந்ததைக் கேட்டவர் உணராதிருந்திருக்க மாட்டார்கள்.

இது மரணசாசனத்துக்கு நேர்மையான செயலா? வெளிப்பாட்டை ஆதாரமாகக் கொள்ளலாகாது என்ற விதியை அவர் மீறினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விதியின் அடியில் மறைந்திருந்த ஒரு கோட்பாட்டை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தவரும் அவரே. வெளிப்பாட்டை விலக்கிவிட்டுப் பேசுவது நடுநிலை என்று கிஃபோர்டு எண்ணினார். அதுவும் ஒரு நிலைப்பாடு என்றே பார்த் காட்டினார். என் கருத்தில் இங்குப் பெரும்பாராட்டு அபர்தீன் பல்கலைக்கழகத்துக்கே உரியது. தன் மேடையின் அடித்தளத்தையே மறுப்பவர் என்று அறிந்தும் அது அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. நம் இறையியல் கல்லூரிகளின் ஆண்டுச் சொற்பொழிவுகளுக்கு நாம் யாரை அழைக்கிறோம் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பார்த்துக்கு அடுத்து வந்த ரெய்னால்டு நீபூர் வேறொரு வழியைத் தெரிந்தார். மனிதனின் இயல்பையும் முடிவையும் குறித்த அவருடைய எடின்பரோ உரைகளின் இரண்டாம் தொடர் 1939 அக்டோபரில் நடந்தது, போர் தொடங்கிவிட்டது. அம்மாதம் 16ஆம் நாள் ஜெர்மானிய விமானங்கள் ஃபோர்த் கழிமுகத்திலிருந்த போர்க்கப்பல்களைத் தாக்கின. பாவம் என்னும் சொல்லை மூடநம்பிக்கையின் எச்சமாகக் கருதிய கல்வியாளருக்கு, அச்சொல் இல்லாமல் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது என்று அவர் எடுத்துரைத்தார். திருமறைச் சிந்தனையைக் கைவிடாமலே, அதை ஏற்காதவரும் தம் அனுபவத்தில் உரைத்துப் பார்க்கத்தக்க வகையில் பேசுவது அவர் முறை. பிரசங்கத்தினின்று வசனத்தை நீக்கிவிட்டால் அது பொதுச் சொற்பொழிவாகிவிடும் என்று எண்ணும் குருமார், நீபூரின் நூலை ஒருமுறை பொறுமையுடன் வாசித்தல் நலம்.

பின்னாளில் மேடை மேலும் விரிந்தது; ஆனால் விரைவாக அன்று. எச்சமயத்தவரும் வரலாம் என்று எழுதிய கிஃபோர்டு, அவர்களை ஆடவர் என்றே குறிப்பிட்டிருந்தார். முதல் பெண்மணியாகிய ஹன்னா அரென்ட் 1973இல் அபர்தீனில் பேசினார். தொடங்கி எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றிருந்தன. முதல் இஸ்லாமிய அறிஞராகச் செய்யத் ஹொசைன் நஸ்ர் 1981இல் எடின்பரோவுக்கு வந்தார். அதே மேடையில் 1989இல் ரெய்மோன் பணிக்கர் பேசினார். தந்தை கேரளத்து இந்து, தாய் ஸ்பானியக் கத்தோலிக்கர். தாம் கத்தோலிக்கக் குரு. அவ்வுரைகளைத் திருத்தித் திருத்தி எழுதிய பணிக்கரின் நூல், அவர் மறைந்த 2010ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

பார்த் எழுப்பிய வினா ஓயவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் பேசிய அமெரிக்க இறையியலார் ஸ்டான்லி ஹாவர்வாஸ், 2001இல் நூலாக வந்த தம் உரைகளில், ஜேம்ஸ், நீபூர், பார்த் ஆகிய மூன்று கிஃபோர்டு சொற்பொழிவாளரையும் ஆராய்ந்தார். படைப்பின் உண்மையை உள்ளபடி எடுத்துரைத்தலே இயற்கை இறையியல் என்றால், மூவரிலும் மெய்யான இயற்கை இறையியலார் அதை மறுத்த பார்த்தே என்பது அவர் முடிவு. இம்முடிவையும் அவர் வெளியிட்டது கிஃபோர்டின் பணத்தில், ஊர்மக்களுக்குத் திறந்திருந்த மண்டபத்தில்தான்.