கருங்காலியும் ஆட்டக்கோலும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை நம்மவர் படுவான்கரை என்பர். அங்கே வயல்வெளிகளைக் கடந்து மேற்கே செல்லச் செல்ல, வறண்ட நிலத்துக்குரிய காடு தொடங்குகின்றது. அத்தகைய காடுகளின் அருமைமிக்க மரங்களுள் ஒன்று கருங்காலி. அதன் வெளிமரம் வெளிறியிருக்கும். உள்ளிருக்கும் வயிரமோ மைபோற் கறுத்திருக்கும். அவ்வயிரத்தைக் கடைந்து நம் முன்னோர் உலக்கை செய்தனர். “கருங்காலி உலக்கைக்கு வெள்ளிப் பூண் கட்டினாற்போல” என்னும் பழமொழியும் அதனின்றே பிறந்தது. இதே மரம் கப்பலேறிச் சென்று, உலக்கையை ஒருநாளும் தொட்டறியாத கனவான்களின் கைகளில் வேறொரு கோலாகவும் வடிவெடுத்தது. பில்லியட்ஸ் மேசையிலே பந்தை உந்தும் ‘கியூ’ எனப்படும் ஆட்டக்கோலே அது. அக்கோலைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

இவ்விளையாட்டு நமக்கு அந்நியமானதன்று. பில்லியட்ஸின் உடன்பிறப்பாகிய ஸ்னூக்கர், 1875ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜபல்பூரிலே ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே தோன்றியது. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற பில்லியட்ஸ் உலகப் போட்டியிலே வாகை சூடியவர் எம். ஜே. எம். லாபீர். உலக வாகையர் என்ற பெயரை இலங்கைக்கு முதன்முதலாக ஈட்டித் தந்தவர் அவரே.

இவ்வாட்டத்தில் ஈடுபட்டோரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. பழைய கைவினைஞர் செய்த கோல் நன்றாக ஆடுமா, இக்காலத்துக் கோல் நன்றாக ஆடுமா என்பதே அவ்வழக்கு. தீர்ப்புச் சொல்லுமுன், ஒவ்வொரு காலத்துக் கோலும் எவ்வாறு அமைந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கோலின் நுனி வெறும் மரமாகவே இருந்தது. பந்தின் நடுவை விட்டுச் சற்று விலகி அடித்தால் நுனி வழுக்கிவிடும். மிங்கோ என்னும் பிரெஞ்சுக்காரர் அந்நுனியிலே தோலை ஒட்டி வைத்து, பந்தைச் சுழற்றியும் பின்னிழுத்தும் ஆடிக் காட்டினார். பின்னர் அத்தோலிலே வெண்கட்டி பூசும் வழக்கமும் வந்தது. கோலின் வரலாற்றில் இதனினும் பெரிய மாற்றம் வேறில்லை.

அடுத்து வந்தது ஆங்கிலக் கைவினைஞரின் காலம். அவர்கள் தண்டுக்கு ஐரோப்பாவின் ஆஷ் மரத்தைத் தேர்ந்தனர். அதன் அடிப்பகுதியை நாற்புறமும் சரிவாகச் சீவி, கருங்காலிப் பலகைகளைப் பொருத்தி, கையாலேயே இழைத்தெடுத்தனர். வெளிர்மரத்தின்மீது நான்கு கரிய வேல்முனைகள் எழுந்து நிற்பது போன்ற தோற்றம் இவ்வாறு உண்டாயிற்று. அழகு ஒன்றே இதன் நோக்கமன்று. கருங்காலி ஏறத்தாழ நீரளவு பாரமுடையது. ஆஷ் மரமோ அதில் மூன்றிலிரண்டு பங்கே. ஆதலால் பாரம் அடியிலே தங்கியது. பின்கை உறுதியாக நின்றது.

அமெரிக்க நாட்டார் வேறு வழி சென்றனர். அவர்களின் பூல் ஆட்டத்துப் பந்து பெரிது. 57 மில்லிமீற்றர் விட்டம் உடையது. ஸ்னூக்கர் பந்து 52 மில்லிமீற்றரிலும் சற்றே மிகுந்தது. பெரிய பந்துக்கேற்ப, மேப்பிள் மரத்தில் 13 மில்லிமீற்றர் அளவான பருத்த நுனியுடைய கோல்களைச் செய்தனர். நடுவிலே திருகி இணைக்கும் மூட்டும் வைத்தனர். 1959 முதல் 1975இல் மறையும் வரை நியூயோர்க்கிலே கோல் செய்த ஜோர்ஜ் பலபுஷ்கா இவர்களுள் பெயர்பெற்றவர். அவர் கைப்பட்ட கோல்களை இன்று செல்வர்கள் தேடி வாங்கிப் பேழையிலிட்டுப் பாதுகாக்கின்றனர்.

1990களிலே மூன்றாவது காலம் பிறந்தது. தண்டின் முன்பகுதியைத் துளைத்து உட்குடைவாக்கி, நுனியின் பாரத்தைக் குறைக்கும் முறை வந்தது. அண்மை ஆண்டுகளிலே கரிநாரினால் ஆன தண்டுகளும் பரவியுள்ளன. இவற்றைச் செய்வோர் கூறும் சிறப்பு ஒன்றே: பந்து குறி விலகாது என்பது.

குறி விலகுதல் என்றால் என்ன? பந்தின் வலப்புறத்தை அடித்தால், அது சுழல்வதோடு சற்றே இடப்புறமாகவும் விலகி ஓடும். இதன் காரணத்தை நம் வாவியிலேயே காணலாம். தோணியில் இருந்தபடி, அருகே நிற்கும் வேறொரு தோணியைக் கையால் தள்ளிப் பாருங்கள். அது வெறுந்தோணியாயின் இலேசாக அகன்றுவிடும். நாம் அதிகம் நகரோம். நெல்மூடை ஏற்றிய தோணியாயின் அது அசையாது, நாமே பின்வாங்குவோம். பந்தும் கோல்நுனியும் இவ்வாறே ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளுகின்றன. நுனி இலேசானதாயின் அது ஒதுங்கிக்கொள்ளும். பந்து நேரே செல்லும். நுனி பாரமாயின் பந்து ஒதுங்கும்.

இங்கே வியத்தற்குரியதொன்று உண்டு. தோலும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு. பக்கவாட்டு அசைவு அந்நேரத்துள் கோலிலே ஒரு சாணளவு தூரமே செல்ல இயலும். ஆதலின் பந்து எத்துணை விலகும் என்பதைத் தீர்ப்பது அந்த முன்சாணே. நான்கடிக்கு அப்பால் இருக்கும் கருங்காலிக்கு அதில் யாதொரு பங்குமில்லை. நேராக உந்தும் விசையில் முழுக்கோலின் எடையும் பங்குகொள்கின்றது, உண்மைதான். ஆயினும் அவ்வெடையைக் கருங்காலிதான் தரவேண்டும் என்ற நியதி இல்லை. வேறு வன்மரமும் தரும்.

அவ்வாறாயின் புதுக்கோலே வென்றதா? அதுவும் அன்று. பல்லாண்டு ஒரே கோலால் ஆடியவன், அக்கோலின் விலகலை எண்ணிப் பாராமலே தன் குறியில் திருத்திக்கொள்கின்றான். விலகாத கோலை அவன் கையில் கொடுத்தால் அத்திருத்தமே பிழையாகும். ஸ்கொத்லாந்தின் ஸ்டீவன் ஹென்ட்ரி ஏழு முறை ஸ்னூக்கர் உலக வாகையரானார். அவர் இளமையில் வாங்கிய மலிவான ஒரு கோலே அவ்வெற்றிகளுக்கெல்லாம் துணைநின்றது. 2003இல் விமானப் பயணத்தின்போது அது முறிந்தது. அத்துணைத் தேர்ந்தவரும் வேறொரு கோலுக்குக் கையை மீண்டும் பழக்க வேண்டியவரானார். விலையிலோ, செய்தவர் பெயரிலோ அன்று, பழக்கத்திலேயே பெரும்பாதி இருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று.

இரு கோல்களை நேர்மையாக ஒப்பிட விரும்புவோர் இவ்வாறு செய்யலாம். முதலில் இரண்டுக்கும் ஒரே வகைத் தோலைப் புதிதாக இடுக. பழங்கோலின் இனிமை என்று நாம் கொண்டாடுவது பலவேளைகளிலே பழகிய தோலின் மென்மையாகவே இருக்கும். பின்னர் மேசையின் ஒரு முனையில் பந்தை வைத்து, எதிர்முனையை நோக்கி நடுவில் அடித்துப் பாருங்கள். அடுத்து, கோலைக் கிடையாகவே வைத்து, மையத்திலிருந்து ஒரே அளவு வலப்புறம் விலகி அடியுங்கள். இரண்டு முறையும் பந்து எதிர்விளிம்பிற்பட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எது எந்தக் கோல் என்று தெரியாதபடி நண்பரொருவர் எடுத்துத் தருவாராயின் இன்னும் நன்று. கண் கருங்காலியின் கறுப்பைக் கண்டதும், கை அதற்குச் சாட்சி சொல்ல முந்திவிடும்.

இதனை இத்துணை விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலிலே, எமர்சன் டெனன்ற், திருகோணமலைக்கு மேற்கேயுள்ள சமநிலங்களிற் கருங்காலி மிகுதியாக வளர்வதைக் குறித்துள்ளார். இன்று அந்நிலை இல்லை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அது ஏற்றுமதிப் பொருளாய்ச் சென்றுகொண்டேயிருந்தது. கருங்காலி மிக மெல்ல வளரும் மரம். ஒருவர் நட்ட கன்றின் வயிரத்தை அவர் பேரனும் காண்பது அரிது. இன்று இலங்கையில் அது பாதுகாக்கப்பட்ட மரம். எனினும், “நல்ல கோலுக்குக் கருங்காலி வேண்டும்” என்ற நம்பிக்கை இருக்கும்வரை கோடரிக்கும் வேலை இருக்கும். அந்நம்பிக்கைக்கு ஆட்டத்தில் ஆதாரம் இல்லை என்பதையே நாம் கண்டோம்.

ஆதலால் பழைய கருங்காலிக் கோலொன்று உங்கள் வீட்டிலோ கழகத்திலோ இருக்குமாயின், அதனைப் பேணுங்கள். சுவரிலே சாய்த்து வைத்தால் வளையும். வாவிக்காற்றின் ஈரம் படாத இடத்தில் நேராகத் தொங்கவிடுங்கள். தோல் தேய்ந்தால் மாற்றுங்கள். அது இன்னும் ஒரு தலைமுறை ஆடும். புதிதாக வாங்குவோர் முன்சாணைப் பார்த்து வாங்குங்கள். அடிக்கட்டை எம்மரமாயினும் ஆகுக. படுவான்கரைக்கு அப்பால் எஞ்சி நிற்கும் கருங்காலி, நின்ற இடத்திலேயே வயிரம் பாயட்டும்.