கடனுக்கும் ஒரு பட்டம் உண்டு

ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பதை நம் உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த வயலுக்கு எந்த மாதம், எந்தத் தண்ணீருக்கு எந்த நெல் என்பதை அவர்கள் தந்தையிடமும் பாட்டனிடமும் கற்றிருக்கிறார்கள். ஆயினும் விதைக்குப் பட்டம் இருப்பது போலவே கடனுக்கும் ஒரு பட்டம் உண்டென்பதை நம் அங்கத்தினர் பலர் இன்னும் உணரவில்லை. கடன் தேவைப்படும் நாள் வேறு. கடன் கேட்கவேண்டிய நாள் வேறு. கடன் கட்டவேண்டிய நாள் வேறு. இம்மூன்றையும் குழப்பிக்கொண்டதனால் கைப்பொருள் இழந்தவர்களை நமது பணியில் அடிக்கடி காண்கிறோம்.

அதிராம்பட்டினத்துப் பக்கத்தில் ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தபோது நிகழ்ந்தது இது. புரட்டாசி மாதம். நாற்று தயாராக நிற்கிறது. நடவுக்குப் பணம் வேண்டும் என்று பெரியவர் ஒருவர் செயலாளர் முன் நின்றார். கணக்கைப் புரட்டினால், முந்திய சம்பாவுக்கு அவர் வாங்கிய ரூ. 80,000 கடனின் வாய்தா கடந்து 22 நாட்கள் ஆகியிருந்தன. நெல் விற்ற பணம் இல்லையா என்று வினவினோம். “பணம் பாஸ்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, ஐயா. தள்ளுபடி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மட்டும் கட்டி ஏமாளியாவானேன் என்று இருந்துவிட்டேன்” என்றார்.

அந்த 22 நாட்களின் விலையைக் கணக்கிடுவோம். வாய்தாவுக்குள் கட்டியிருந்தால் நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க் கடனுக்கு வட்டியே இல்லை. தவறியதால் ஓராண்டுக்கு 7 சதவீத வட்டி ரூ. 5,600, தவணை கடந்த நாட்களுக்குரிய வட்டி தனி. அசலும் வட்டியும் அன்றே கட்டினார். ஆயினும் புதிய மனு நிர்வாகக் குழுவிலும் மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் தேறி வருவதற்குள் நாற்று முற்றிவிடும். ஆகவே வெளியில் ரூ. 60,000 மூன்று வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஐந்து மாதத்தில் ரூ. 9,000. ஆக, கையில் பணம் இருந்த ஒருவர், காலம் தவறியதால் மட்டும் ரூ. 14,600 இழந்தார்.

பயிரைப் பார்த்துக் கடன்

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904 இல் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் நம் பகுதியின் முதல் விவசாயக் கடன் சங்கம் தொடங்கப்பெற்றது. அரை நூற்றாண்டு கழித்து, 1951-52 இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே என்று கண்டது. பெரும்பங்கு லேவாதேவிக்காரரிடமிருந்தே வந்தது. சங்கங்கள் நிலத்தின் மதிப்பைப் பார்த்துக் கடன் கொடுத்தமையால் நிலம் குறைந்தவருக்கு வழியில்லாதிருந்தது. 1954 இல் வெளிவந்த அவ்வாய்வின் அறிக்கை, நிலத்தைப் பாராது பயிரைப் பார்த்துக் கடன் கொடுங்கள். விதைப்பில் கொடுத்து, விளைச்சல் விற்றதும் வசூலியுங்கள் என்று பரிந்துரைத்தது. பயிர்க் கடன் என்பதன் உயிர் இதுவே. பயிரைப் பார்த்துக் கொடுக்கும் கடனுக்கு நாட்காட்டியும் பயிரின் நாட்காட்டிதான்.

1998 இல் உழவர் கடன் அட்டை வந்தபோது இம்முறை மேலும் எளிதாயிற்று. ஒருமுறை தகுதி நிர்ணயித்தால் ஐந்தாண்டுகளுக்கு அது செல்லும். மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று வகுத்த கடனளவைச் சாகுபடிப் பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் குடும்பத் தேவைக்கும் 10 சதவீதமும், கருவிகளின் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேர்த்து வரம்பு கட்டுகிறார்கள். ரூ. 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாதென்பது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. வணிக வங்கியில் ரூ. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கும் பயிர்க் கடன், காலத்தில் கட்டுவோருக்கு 3 சதவீதம் குறைந்து 4 சதவீதமாகிறது. இச்சலுகைகளின் பூட்டும் சாவியும் வாய்தா நாளே.

கடைமடையின் நாட்காட்டி

மேட்டூர் அணை திறப்பதற்குரிய மரபு நாள் ஜூன் 12. ஆனால் அது மாறாத நாளன்று. 2022 இல் மே 24 ஆம் நாளே அணை திறந்தது; 2024 இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, புதாறு என்று நாம் வழங்கும் கல்லணைக் கால்வாயில் இறங்கி, பட்டுக்கோட்டையைக் கடந்து நம் கடைமடை வயல்களைத் தொடுவதற்கு இன்னும் நாட்களாகும். தண்ணீர் வந்த செய்தி கேட்டபின் மனு எழுதுவோர் ஒரே வாரத்தில் சங்கத்து வாயிலில் கூடுகின்றனர். தண்ணீர் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. மனு எப்போது போகும் என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே நாம் சொல்லும் ஒழுங்கு இது. சித்திரை, வைகாசி மாதங்களில் ஆவணங்களைச் சரிபாருங்கள். இறந்துபோன தந்தையின் பெயரிலேயே பட்டா இருந்தால், வாரிசுப் பெயருக்கு மாற்ற மாதங்கள் ஆகும். நடவு நாளில் அதைத் தொடங்கிப் பயனில்லை. புதிதாகச் சேருவோர் அங்கத்தினர் மனுவையும் பங்குத் தொகையையும் அப்போதே கொடுத்தால் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஏற்கப்படும். பசலி ஆண்டு ஜூலை 1 இல் பிறக்கிறது. போன பசலியின் அடங்கலைக் கொண்டுவந்து திரும்பிப்போகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. புதிய பசலிக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். குத்தகைக்குப் பயிரிடுவோர் சாகுபடி தம்முடையதென அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே காண வேண்டும். ஆனி, ஆடியில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் ரொக்கத்தையும் உரத்தையும் தேவைக்கேற்பப் பெறலாம்.

பயிர்க் காப்பீட்டுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அண்மை ஆண்டுகளில் டெல்டாவில் சம்பா நெல்லுக்கு நவம்பர் 15 என அறிவித்து, சிலமுறை சில நாட்கள் நீட்டித்திருக்கிறார்கள். நீட்டிப்பை நம்பியிருப்பது கார்மேகத்தை நம்பித் துணி உலர்த்துவதாகும். கஜா புயல் நம் கரையைத் தாக்கியது 2018 நவம்பர் 16 அன்று என்பதை எவரும் மறந்திரார். கடன் பெற்ற அங்கத்தினருக்குச் சங்கமே பிரிமியத்தைப் பற்று வைத்துச் செலுத்துகிறது. 2020 முதல் இது விருப்பத்தைப் பொறுத்தது. வேண்டாமென்போர் கடைசி நாளுக்கு ஏழு நாட்கள் முன்பே எழுதித்தர வேண்டும். கடன் பெறாதவர் தாமே சென்று பதிய வேண்டும்.

நெசவாளருக்கு

நெசவாளரின் பருவம் வேறு. தீபாவளிக்கு விற்கும் சேலை ஆடிக்கு முன்பே பாவாகத் தறியில் ஏறவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் நீர் ஊறும், பாவு காயாது. ஆகவே நூலுக்கும் பட்டுக்கும் முதல் தேடுவோர் பங்குனி, சித்திரையிலேயே மனுச் செய்தல் வேண்டும். நெசவாளர் முத்ரா கடனில் 6 சதவீதச் சலுகை வட்டி மூன்றாண்டு வரையே கிடைக்கிறது. வேலை மந்தமான நாளில் கடனைப் பெற்றுச் சும்மா வைத்திருந்தால், சலுகைக் காலத்தில் சில மாதங்கள் வீணே கழியும்.

ஒரே மாதத்தில் நான்கு வாயில்கள்

பட்டணத்தில் வேலைபார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் பாடம் உண்டு. வங்கிக் கடன் அட்டைக்கு ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளில் மனுச் செய்கிறார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் வங்கி, கடன் தகவல் நிறுவனத்தில் விசாரிக்கிறது, அவ்விசாரணையும் பதிவாகிறது. அடுத்தடுத்துப் பல விசாரணைகள் இருந்தால், பணமுடை உள்ளவர் என்று அடுத்த வங்கி கருதக்கூடும். 300 முதல் 900 வரை இடப்படும் அம்மதிப்பெண்ணில் தவணை தவறிய செய்தியே பெரிதும் குறைக்கிறது. மனுச் செய்யுமுன் தம் அறிக்கையைத் தாமே பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தரவேண்டும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிழையிருந்தால் முறையிட்டு 30 நாட்களில் திருத்தம் பெறலாம். அது முடிந்தபின் மனுச் செய்வதே முறை.

தள்ளுபடி என்னும் எதிர்பார்ப்பு

பெரியவர் சொன்ன தள்ளுபடிக்கு வருவோம். 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் நம் மாநிலத்தில் கூட்டுறவுப் பயிர்க் கடன்கள் தள்ளுபடி ஆயின. கட்டியவர்களுக்கு அந்நாளில் மனக்குறை இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை; அது நியாயமான குறைதான். ஆனால் விதியைக் கூர்ந்து நோக்குங்கள். 2021 இல் ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடன்கள் தள்ளுபடி ஆயின. வாய்தா வராத சம்பாக் கடனும் அவற்றுள் அடக்கம். ஒழுங்காக வாங்கி, வாய்தாவுக்குள் வைத்திருந்தவரும் பயன்பெற்றார். தவணை தவறியிருப்பது தகுதியாக வைக்கப்படவில்லை. ஆகவே வாய்தாவுக்கு மாதங்கள் முன்னதாகக் கட்டவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வாய்தாவைத் தாண்டுவதில் இலாபமும் இல்லை. விடுமுறையையும் கணினிக் கோளாறையும் எண்ணி, ஒரு வாரம் முன்பாகக் கட்டுதல் போதும்.

இன்னொன்றும் உண்டு. சங்கத்தில் தவணை தவறிய பாக்கி பெருகினால், மத்திய வங்கியிடம் சங்கம் பணம் பெறும் தகுதியே குறைகிறது. அப்போது பாக்கியே இல்லாத பக்கத்து வயல்காரருக்கும் நடவு நாளில் பணம் இல்லாமற் போகும். தனியாரிடம் வாங்கிய கடனைத் தவறினால் தவறியவர் ஒருவர் துன்புறுவார்; சங்கத்தில் தவறினால் ஊரே காத்திருக்கும்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. “போன வருஷம் பக்கத்து வயல்காரருக்கு உரம் தாமதமானதும் இப்படித்தானா?” என்று மட்டும் கேட்டார். எவர் பாக்கியால் என்று நாம் சொல்லவில்லை, சொல்வது முறையுமன்று. அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் அச்சங்கத்துப் பதிவேட்டைப் பார்த்தோம். முந்திய கடன் வாய்தாவுக்கு ஒன்பது நாட்கள் முன்பே தீர்ந்திருந்தது. புதிய மனுக்களில் முதல் எண் அவருடையது.