பாதி வேலை, பாதி விடுப்பு

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கிடைப்பது ‘இரு வாரங்கள் ஓய்வு தேவை’ என்னும் சான்றிதழ்தான். அதாவது, அவர் முழுநேரம் உழைக்க வேண்டும். இன்றேல் முழுநேரமும் வீட்டில் இருக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே வேறு வழி இல்லையா?

பின்லாந்து நாட்டில் 2007-இல் அத்தகைய வழி ஒன்று நடைமுறைக்கு வந்தது. நோயுற்றவர் தம் வழக்கமான வேலை நேரத்தில் 40 முதல் 60 விழுக்காடு வரை வேலை செய்யலாம்; மீதி நேரம் விடுப்பு. செய்த வேலைக்கு முதலாளி சம்பளம் தருவார். அரசு, நோய்க்கால உதவித்தொகையில் பாதியைத் தரும். இரு தரப்பாரும் இசைந்தால்தான் இது நடைபெறும்.

வலியுள்ள உடம்பை வேலைக்கு அனுப்புவது கொடுமையன்றோ என்று தோன்றலாம். ஆனால் முதுகைத் தாங்கும் தசைகள் பயன்படுத்தப்படாவிட்டால் நாளடைவில் வலுவிழந்துவிடும். 1995-இல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வு ஒன்றைப் பாருங்கள். திடீர் இடுப்புவலி கண்ட நகர ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவினர் 2 நாட்கள் படுக்கையில் இருந்தனர். அடுத்த பிரிவினர் முதுகுப் பயிற்சிகள் செய்தனர். மற்றவர்கள் வலி பொறுக்கும் அளவிற்கு அன்றாட வேலைகளைக் கவனித்தனர். நன்கு தேறியவர்கள் இந்த மூன்றாம் பிரிவினரே!

இருப்பினும், இயற்பியல் கற்பிக்கும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நேரத்தைப் பாதியாக்கினால் முதுகின் சுமையும் பாதியாகுமா?

கீழ் முதுகை ஒரு நெம்புகோலாகக் கொள்வோம். முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் 10 கிலோ பெட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறோம். அதைச் சமன் செய்யும் தசைகளோ எலும்பிற்குப் பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவிலேயே உள்ளன. 10 × 40 = 400; அதை 5-ஆல் வகுத்தால் 80. அதாவது, 10 கிலோ பெட்டிக்காகத் தசைகள் 80 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும்! குனியும் உடலின் எடையை இக்கணக்கில் சேர்க்கவே இல்லை. காலையில் மட்டும் வேலை செய்பவருக்கும் ஒவ்வொரு தூக்கலிலும் இதே 80 கிலோதான். பெட்டியை உடலருகே, 20 செ.மீ. தொலைவில் பிடித்தால் அது 40 ஆகிவிடும். ஆகவே, வேலையின் நேரம் குறைந்தால் மட்டும் போதாது. வேலை செய்யும் முறையும் மாற வேண்டும்.

பின்லாந்தின் தொழில்சார் உடல்நல ஆய்வுக்கூடத்தார் இதை அறிந்தே சோதனை நடத்தினர். தசை, மூட்டு நோவால் வழக்கமான வேலையைச் செய்ய இயலாத 63 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு முழு விடுப்பு. மற்றவர்களுக்குப் பாதி விடுப்பு. தேவைப்பட்டபோது அவர்களுடைய வேலையும் மாற்றி அமைக்கப்பட்டது. 2012-இல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான வேலைக்குத் திரும்பி அதில் 4 வாரங்களாவது நிலைத்திருக்க, பாதி விடுப்பினருக்கு 12 நாட்களும் முழு விடுப்பினருக்கு 20 நாட்களும் ஆயின. இவை சராசரிகள் அல்ல, இடைநிலை அளவுகள். ஓராண்டில் எடுத்த மொத்த நோய் விடுப்பும் பாதி விடுப்பினரிடம் சுமார் 20 விழுக்காடு குறைவு.

63 பேர் என்பது சிறு தொகைதான். அந்த 8 நாள் வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடும் என்ற ஐயத்தைப் புள்ளியியல் முற்றிலும் நீக்கிவிடவில்லை.