பெரிய பிளான் பைல்களைக் கையாள்வது எப்படி?

வீட்டு பிளானை இன்ஜினியர் பி.டி.எப். பைலாகத் தருகிறார். எஸ்டிமேட் போடும் சாப்ட்வேரில் அதைத் திறந்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. உடனே கம்ப்யூட்டரில் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பைலையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஏன் இந்தத் தாமதம்?

ஏ1 தாளின் அளவு 841க்கு 594 மி.மீ. இதில் வரைந்த பிளானை 300 டி.பி.ஐ. அளவில் கலரில் ஸ்கேன் செய்தால் சுமார் 7 கோடி புள்ளிகள் உருவாகும். புள்ளிக்கு 3 பைட் வீதம், ஒரு பக்கத்திற்கே ஏறத்தாழ 200 எம்.பி. ஆகிறது. டிஸ்க்கில் பைல் சுருங்கிச் சிறிதாக இருந்தாலும், திறக்கும்போது மெமரியில் விரிந்துவிடும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அதே பக்கம் 9 எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

ஆட்டோகேட் போன்ற சாப்ட்வேரிலிருந்து நேராக எடுத்த பி.டி.எப்.பில் புள்ளிகளுக்குப் பதில் கோடுகளே பதிவாகும். உங்களிடம் இருப்பது எது? பக்கத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் கட்டம் கட்டமாக உடைந்தால் அது ஸ்கேன் பைல். இன்ஜினியரிடம் நேரடி பி.டி.எப். கேட்டு வாங்குங்கள்.

என்ன செய்யலாம்?

1. பென் டிரைவிலிருந்தே பைலைத் திறக்காமல், ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து திறக்கவும்.

2. எல்லாப் பக்கங்களும் தேவைப்படாது. பி.டி.எப்.சாம் பேசிக் என்ற இலவச சாப்ட்வேர் மூலம் தேவையான பக்கங்களை மட்டும் தனி பைலாகப் பிரிக்கவும். ஒரிஜினல் பைலை அழித்துவிட வேண்டாம்.

3. பைலைச் சிறிதாக்குவதாக எண்ணி, ஏ1 பிளானை ஏ3 தாளுக்குச் சுருக்கி மீண்டும் பி.டி.எப். ஆக்காதீர்கள். ஆபத்து இங்கேதான். நீளம் பாதியாகிவிடுவதால் 1:100 ஸ்கேல் 1:200 ஆகிவிடும். சாப்ட்வேரில் பழைய ஸ்கேலே இருந்தால் 20 அடி சுவர் 10 அடி என்று காட்டும். தரையின் பரப்பளவோ கால் பங்காகிவிடும். டைல்ஸ் கணக்கு என்ன ஆகும்?

அளக்கும் முன்...

பிளானில் நீளம் எழுதப்பட்டுள்ள ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, அதைக் கொண்டு சாப்ட்வேரில் ஸ்கேலை அமைக்கவும். பின்னர் அதற்குக் குறுக்கே செல்லும் வேறொரு சுவரை அளந்து பாருங்கள். திரையில் தெரியும் அளவும் பிளானில் எழுதியுள்ள அளவும் ஒத்துப்போனால் மட்டுமே எஸ்டிமேட்டைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திற்கும் இதைச் செய்வது நல்லது. ஒரே பைலில் பக்கத்திற்குப் பக்கம் ஸ்கேல் மாறலாம்.