மண்ணில் ஜிங்க் இருக்கா, இல்லையா? தகர வாளியில் எடுத்தால் மெஷினும் ஏமாந்து போகும்!

விழுப்புரம்,

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் நெல்லும், மல்லாட்டை என்று நம்ம ஊரில் சொல்லும் மணிலாவும் முக்கிய பயிர்கள். மணிலா ரகங்களில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துக்களே திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை.

ஆனால் நல்ல ரகம் போட்டாலும் சில வயல்களில் பயிர் வெளுத்துப் போகிறது. நட்ட 2, 3 வாரத்தில் நெல் இலையில் துரு நிறப் புள்ளி வந்தால் துத்தநாகச் சத்து (ஜிங்க்) குறைவாக இருக்கலாம். மணிலாவில் இளம் இலை மஞ்சளானால் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம். இது தெரியாமல் யூரியாவை அள்ளிப் போட்டால் காசுதான் கரையும், குறை தீராது.

விளக்கு வெளிச்சத்தில் கணக்கு

2015-ம் ஆண்டு தொடங்கிய மண்வள அட்டை திட்டத்தில் 12 விவரங்கள் பார்க்கிறார்கள். அதில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகிய 4 உலோகங்களும் உண்டு.

ஆய்வகத்தில் 10 கிராம் மண்ணை ஒரு ரசாயனக் கரைசலில் போட்டு 2 மணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறார்கள். வடிந்த நீரை 'அணு உறிஞ்சல்' கருவி தீயில் தெளிக்கும்.

அடுப்பில் உப்பு விழுந்தால் தீ மஞ்சளா எரியும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி ஒளி உண்டு. ஜிங்க் விளக்கின் ஒளியை அந்தத் தீ வழியாக விட்டால், தீயில் உள்ள ஜிங்க் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை வைத்து சத்தின் அளவு தெரிகிறது.

தமிழ்நாட்டுக் கணக்குப்படி 1 டன் மண்ணில் பயிர் எடுக்கக்கூடிய ஜிங்க் 1.2 கிராமுக்கு கீழே போனால் பற்றாக்குறை.

வாளியில்தான் வில்லங்கம்

இவ்வளவு நுணுக்கமான கணக்கு என்பதால்தான் மண் எடுப்பதில் கவனம் வேண்டும். தகர வாளியில் பூசியிருப்பது துத்தநாக முலாம். அது மண்ணில் ஒட்டினால் சத்து இல்லாத வயலும் 'சத்து இருக்கு' என்று காட்டும். துருப்பிடித்த மண்வெட்டி இரும்புக் கணக்கைக் கெடுக்கும்.

* பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி அல்லது எவர்சில்வர் கரண்டி பயன்படுத்துங்க.

* வரப்பு ஓரம், எருக்குழி, மரநிழலில் எடுக்கக் கூடாது.

* பல இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரை கிலோ நிழலில் உலர்த்துங்க.

மண்ணை துணிப்பையில் கட்டி, பெயர், சர்வே எண், பயிர் எழுதி வேளாண் விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம்.

நெல்லுக்கு ஜிங்க் குறைவு என்று வந்தால், நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவினால் போதும். டி.ஏ.பி.யோடு மட்டும் கலந்துடாதீங்க. இரண்டும் சேர்ந்தால் பயிருக்கு சத்து எட்டாது.