கோப்பி இயந்திரம் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

யான்புவுக்குப் புதிதாக வந்து வீடெடுத்திருக்கும் எமது குடும்பங்களுக்குச் செலவுகள் பல. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, இவற்றுக்கு மேலாக ஊரிலிருப்போருக்கு மாதாமாதம் அனுப்பவேண்டிய காசு. கடையில் குடிப்பதைவிட வீட்டிலேயே எஸ்பிரெசோ கோப்பி போட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்குச் சரியானதே. ஆனால் பிழையான இயந்திரத்தை வாங்கினால் மிச்சமும் இல்லை, நல்ல கோப்பியும் இல்லை.

மின்சாரத்தை முதலில் பாருங்கள்

சவூதியில் நெடுங்காலமாக வீடுகளுக்கு 127 வோல்ற், 220 வோல்ற் ஆகிய இரண்டு மின்னழுத்தங்களும் வந்தன. 230 வோல்ற்றுக்குப் படிப்படியாக மாறுவதென 2010இல் அரசு முடிவெடுத்தது. ஆயினும் பழைய வீடுகளில் 127 வோல்ற் செருகிகள் இன்னமும் இருக்கக்கூடும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ற், 1000 வாற் இயந்திரத்தை அதில் செருகினால் ஏறத்தாழ 300 வாற் சூடுதான் கிடைக்கும். மாறாக, 110 வோல்ற் இயந்திரத்தை 220இல் செருகினால் கருகிவிடும். வீட்டுக்காரரிடம் கேட்டறிந்த பின்னரே கடைக்குப் போங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

எஸ்பிரெசோ என்பது நன்றாக அரைத்த தூளினூடாகச் சுடுநீரைச் சுமார் 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 செக்கன் வரை செலுத்தி எடுப்பது. பெட்டியில் காணும் “15 பார்” என்பது பம்பி தரக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. அந்த எண் பெரிதாக இருப்பதால் கோப்பி சுவையாகிவிடாது.

மிக மலிவான சில இயந்திரங்களில் பம்பியே இல்லை. தனி நீர்த்தொட்டி இல்லாமல், மேலே நீரூற்றித் திருகிமூடும் வகை என்றால் அது நீராவி அழுத்தத்தில் வேலைசெய்வது. அதற்குச் செலவிடும் காசுக்குக் கீழே சொல்லும் மோக்காப் பாத்திரமே மேல்.

தூள்தான் பாதி வேலை

நல்ல இயந்திரமும் கரடுமுரடான தூளைக் கண்டால் தோற்றுவிடும். மிக்சியின் கத்தி சீராக அரைக்காது. அரைக்கும் பற்கள் கொண்ட கையாலை ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு வசதியில்லாவிட்டால், கோப்பி வடியின் அடியில் ஒரேயொரு ஊசித்துவாரம் உள்ள இரட்டைச் சுவர் வடியுடன் வரும் இயந்திரத்தைத் தேடுங்கள். கடையில் அரைத்த தூளுக்கும் அது ஒத்துவரும்.

இங்குள்ள கடைகளில் கிடைக்கும் அரபுக் கோப்பித்தூள் இளவறுவல். ஏலக்காய் கலந்தும் வரும். அது கஹ்வாவுக்கு அருமை, எஸ்பிரெசோவுக்கு ஆகாது. சிக்கரி கலந்த தூள் இயந்திரத்தை அடைத்துக்கொள்ளக்கூடும்.

கை இறுக்கமான குடும்பங்களுக்கு

யான்பு இருக்கும் இதே செங்கடலின் தெற்குக் கரையில், யெமனில், மொக்கா என்ற பழைய கோப்பித் துறைமுகம் உண்டு. அதன் பெயரைத் தாங்கிய அடுப்புப் பாத்திரம் 1933இல் இத்தாலியில் பியாலெற்றி என்பவரால் வெளிவந்தது. மின்சாரமும் பம்பியும் இல்லை. ஒன்று இரண்டு பார் அழுத்தம் மட்டுமே என்பதால் அசல் எஸ்பிரெசோ அல்ல. ஆனால் பால் சேர்க்க ஏற்ற கடும் கோப்பி கிடைக்கும்.

வால்வுக்குக் கீழ்வரை மட்டும் நீர் விடுங்கள். தூளை அழுத்தாமல் நிரப்புங்கள். சிறு தீயில் வைத்து, கொறகொறவென்ற சத்தம் வந்ததும் இறக்குங்கள். மல்லி, இஞ்சி விரும்புவோர் அவற்றை இதற்குள் போடாமல் தனியாகக் கொதிக்கவைத்துச் சேர்க்கவும். அலுமினியப் பாத்திரம் இன்டக்சன் அடுப்பில் சூடாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பாவித்த இயந்திரம் வாங்குவோர்

ஊர் திரும்பும் குடும்பங்கள் இயந்திரங்களை விற்பதுண்டு. வாங்குமுன் அங்கேயே செருகிச் சூடாக்கி, நீர் சீராக வருகிறதா, பிடியின் ஓரத்தில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுக்கு றப்பர் வளையத்தால் மட்டும் என்றால் மாற்றிவிடலாம். பம்பி பழுதென்றால் விட்டுவிடுங்கள்.

முதலில் மோக்காப் பாத்திரம், அடுத்து அரைக்கும் ஆலை, கடைசியாகவே இயந்திரம். இந்த ஒழுங்கில் வாங்கினால் ஊருக்கு அனுப்பும் காசில் கைவைக்காமலே காலைக் கோப்பி குடிக்கலாம்.