செட்டாக எடுத்தால் கழிவு: சைக்கிள் பாகங்கள் தரும் பாடம்

"எல்லாச் சாமானையும் எங்களிடமே எடுங்கள், மேலதிகக் கழிவு தருகிறோம்." கடை நடத்தும் எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. முப்பது வருட வியாபாரத்தில் நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். இதில் இலாபம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதை விளங்கிக்கொள்ள சைக்கிள் பாகம் செய்யும் கொம்பனிகளின் போட்டி நல்ல உதாரணம்.

சைக்கிளில் எழுதியிருப்பது ஒரு கொம்பனியின் பெயர். அதில் பூட்டியிருக்கும் கியர், பிரேக், செயின் பெரும்பாலும் வேறு கொம்பனியுடையவை. ஜப்பானின் சக்காய் நகரில் 1921 இல் தொடங்கிய ஷிமானோ முதலில் செய்தது பிரீவீல் மட்டுமே. அதன் பெரிய போட்டியாளர் சன்டூர், அதுவும் ஜப்பான் கொம்பனிதான். செயினைப் பல்லுச்சக்கரங்களுக்கு ஒட்டியபடியே நகர்த்தும் சரிவான கியர் மாற்றியை 1964 இல் சன்டூர் கொண்டுவந்தது. விலையும் மலிவு, வேலையும் சுத்தம். காப்புரிமை இருந்ததால் மற்றவர்களால் அதைப் பிரதி பண்ண முடியவில்லை.

1984 இல் அந்தக் காப்புரிமை காலாவதியானது. அதே காலத்தில் ஷிமானோ அந்தச் சரிவு முறையையும் எடுத்து, "கிளிக்" என்ற சத்தத்துடன் கியர் சரியான இடத்தில் நிற்கும் தனது புதிய முறையையும் சேர்த்துச் சந்தைக்கு விட்டது. கிளிக் முறை ஒழுங்காக வேலை செய்ய லீவர், கேபிள், செயின், பிரீவீல் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஆகவே ஷிமானோ தனிச் சாமானை விட்டு முழு செட்டை விற்றது. சன்டூரும் பின்னர் கிளிக் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் ஷிமானோ அளவுக்குப் பெயர் எடுக்கவில்லை. 1990களில் அந்தப் பழைய கொம்பனி மறைந்தது. இன்று பெயர் மட்டும் தாய்வானின் எஸ்.ஆர். சன்டூரில் இருக்கிறது.

அடுத்த கதை அமெரிக்காவில். 1987 இல் சிக்காகோவில் தொடங்கிய ஸ்ராம், ஹேண்டில் பிடியைத் திருகிக் கியர் மாற்றும் ஒரேயொரு சாமானுடன் வந்தது. சைக்கிள் கொம்பனிகள் வாங்கத் தயங்கின. முழு செட்டையும் ஷிமானோவிடம் எடுப்பவர்களுக்கு 10 வீதம் கழிவு கிடைக்கிறது, அதனால் தனது சாமானுக்கு இடமில்லாமல் போகிறது என்று கூறி ஸ்ராம் 1990 இல் வழக்குத் தொடர்ந்தது. 1991 இல் வழக்கு சமரசமாக முடிந்தது. அதன்பின் ஸ்ராம் வளர்ந்து 1997 இல் ஜேர்மனியின் சாக்ஸ் சைக்கிள் பாகப் பிரிவையும், 2002 இல் ரொக்ஷொக்ஸையும், 2004 இல் அவிட்டையும் வாங்கியது. ஒரு சாமானுடன் வந்தவரும் இன்று முழு செட் விற்கிறார்!

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

முதலாவது, நம்மிடம் மட்டும் இருக்கும் சரக்கை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது. உரிமைக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. அந்தத் திகதிக்கு முன்பே அடுத்ததைத் தயார் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சிறியவர் எல்லாவற்றிலும் பெரியவருடன் மோதத் தேவையில்லை. ஒரு சாமானைச் சிறப்பாகச் செய்தாலும் வழி திறக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். மாதம் ஐந்து இலட்சம் ரூபாவுக்குச் சரக்கு எடுப்பவருக்கு 10 வீதக் கழிவு என்றால் ஐம்பதாயிரம் ரூபா கையில். அது பெரிய தொகைதான். ஆனால் மற்ற ஏஜென்டுகள் கடைக்கு வருவதை நிறுத்திய பிறகு அந்தக் கழிவு ஐந்து வீதமானால் யாரிடம் போவீர்கள்? சரக்குத் தாமதமானால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கழிவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருந்தும் சாமான் ஒரே இடத்தில் கிடைப்பது வசதியே. ஆனால் நிபந்தனையையும் காலத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வேகமாக ஓடும் ஓரிரு சாமான்களையாவது இரண்டாவது ஆளிடம் எடுத்து அந்தத் தொடர்பை விடாமல் வைத்திருங்கள். அதற்காகக் கொஞ்சம் கழிவு குறைந்தாலும் அது நட்டமல்ல.